கடைசி வரி

கழுகு தேறவில்லை.

பஸ் டிப்போவில் யாராலும் அதை நம்ப முடியவில்லை. தூரத்து வளைவில் திரும்பும் வண்டியின் நம்பரை, இங்கே டீயை உறிஞ்சிக்கொண்டே படித்துச் சொல்லும் டிரைவர் அவன். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அவனையே கண் டாக்டர், பார்வை போதாது என்று வெளியே அனுப்பிவிட்டார்.

"ஒரு எழுத்துகூடச் சரியில்லையாம்," என்று டாக்டர் அறை வாசல் பெஞ்சில் வந்து விழுந்தான். "இருக்கறதைத்தானே படிச்சேன்?"

"இருக்கறதை யாருடா உன்னைப் படிக்கச் சொன்னா?" என்றார் கண்டக்டர். "எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டுப் போறாங்க. நீ மட்டும் கண்ணை எடுத்துட்டுப் போயிருக்கே."

அடுத்தது நிதானத்தின் முறை.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாருக்கும் நினைவில்லை. அவசரமே இல்லாமல், பூவைத் தொடுவதுபோல வண்டி ஓட்டுவார். "இவர் பஸ்ல உட்கார்ந்தா அம்மா மடியில உட்கார்ந்த மாதிரி" என்பார்கள் பயணிகள். எதிரே வருவது லாரியா, மழை மேகமா என்று தெரியாதவன் வேறு எப்படித்தான் ஓட்டுவான் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம், கை காட்டி நின்ற ஒரு பெண்மணிக்காக வண்டியை நிறுத்தினார். பார்த்தால், தபால் பெட்டி.

"ஏறச் சொல்லுங்கண்ணே, உள்ள இடம் இருக்கு," என்றார் கண்டக்டர். வண்டியே சிரித்தது. அவரும் சிரித்துவைத்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தின ராத்திரி வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே பாடம் கேட்டாள். தேறிய டிரைவர்கள் தேறப்போகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, வாய்வழியாகவே வந்த, டாக்டர் அறை அட்டையின் எழுத்துகள். மேலிருந்து கீழே, ராகத்தோடு.

"தப்பில்லையா இது?" என்று கேட்டார்.

"கடைசி வரியில 'ந'வை விட்டுட்டீங்க. அதுதான் தப்பு. திரும்பச் சொல்லுங்க."

"நான் அதைக் கேக்கலை."

"புரியுது. தேறலைன்னா வண்டி கழுவ அனுப்பிடுவாங்க. உங்க முட்டிக்கு அது ஆகுமா? நம்ம பக்கத்துலேர்ந்து பாருங்க, இதுல தப்பே தெரியாது."

"வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கறவங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா?"

அவள் ஒரு போர்வையை உதறினாள். அதன் பின்னால் முகம் மறைந்தது.

"'ந'வோட சேர்த்துச் சொல்லுங்க," என்றாள்.

கண் டாக்டர் கறாரானவர். பெரிய அதிகாரியின் மைத்துனனையே தேறவில்லை என்று திருப்பி அனுப்பியவர் என்று பேச்சு. தடித்த கண்ணாடி; மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு.

"முதல்லயே சொல்லிடறேன். கெஞ்சறது, குடும்பக் கஷ்டம் சொல்றது எதுவும் என்கிட்ட ஆகாது. சரின்னா சரி, தப்புன்னா தப்பு. அதுல உங்க கண்ணு என் கண்ணுன்னு கிடையாது."

"சரிங்க சார்."

"படிங்க."

எதிர்ச் சுவரில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. அட்டையா, துவைத்துப் போட்ட துண்டா என்று சொல்வதற்கில்லை. நிதானம் அந்தத் திசைக்கு மரியாதையாக முகத்தைக் காட்டிக்கொண்டு தொடங்கினார்.

"ப... ட, ம... ய, க, ர..."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவர்போல, பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் "ல, வ..." என்று வந்து நிதானம் தடுமாறினார். பென்சிலும் அந்தரத்தில் நின்றது.

"...ந."

பென்சில் மேசைக்கு இறங்கியது.

"பிரமாதம். இந்த வயசுல இப்படி ஒரு பார்வையா? உங்களுக்கு முன்னாடி வந்தானே, வாலிப வயசு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போறான்." சான்றிதழில் முத்திரை விழுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஆயாம்மா வந்தாள். கையில் சுருட்டிய அட்டை.

"சார், இந்தப் பழசை என்ன பண்றது? காலையில சொல்ல மறந்துட்டேன். ஓரமெல்லாம் கரையான் அரிச்சிருக்குன்னு புதுசு கொடுத்தாங்க, அதை மாட்டிட்டேன். புதுசுல எழுத்தெல்லாம் வேற வேற."

அவள் எதிர்ச் சுவரைக் காட்டினாள்.

"நல்லாத் தெரியுதா சார்?"

டாக்டர், நிதானம் இருந்த பக்கம் திரும்பினார். நிதானம், டாக்டர் இருந்த பக்கம் திரும்பினார்.

"நல்லாத் தெரியுது," என்றார்கள் இருவரும் சேர்ந்து.

வெளியே வந்தபோது கழுகு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. முதல் எழுத்து 'ச'தானே? நான் படிச்சது தப்பா?"

நிதானத்தின் சட்டைப் பையில் சான்றிதழ் மொடமொடத்தது. தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினார். அது பெஞ்சின் முதுகில் பட்டது. கழுகுதான் அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"தப்புன்னா தப்புதான் தம்பி," என்றார் அவர். "அதுல உன் கண்ணு என் கண்ணுன்னு கிடையாது."