துப்பாக்கியைக் கொஞ்சம் பிடிங்க

“அந்தப் பொம்பளைக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

கேட்டவள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண். கேட்டது, டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த துப்பறியும் தொடரின் கதாநாயகியைப் பற்றி. கொலை நடந்த வீட்டில் கிடந்த கத்தியை அந்தப் போலீஸ் அதிகாரி வெறுங்கையால் எடுத்தாள். கைக்குட்டையால் பளபளவென்று துடைத்தாள். பத்திரமாக மேஜைமேல் வைத்தாள். கைரேகை போயே போச்சு.

நாற்காலியில் இருந்த ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் பல்லை நறநறவென்று கடித்தார். இடது கையை முறுக்கி நாற்காலிக் கையில் ஒரு குத்து விட்டார். வாய் மட்டும் திறக்கவில்லை.

பக்கவாதம் வந்து எட்டு மாதம். கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் போனது போனதுதான். ஸ்டேஷனே அதிர முப்பது வருஷம் அதட்டிய மனுஷர், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். வார்த்தையெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, அவர்தான் முயற்சி பண்ண மாட்டேன் என்கிறார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே விட்டால் அப்புறம் பேச்சு வருவது கஷ்டம் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் மனைவிக்குச் சரியான தூக்கம் இல்லை.

பயிற்சிப் பெண் வாரம் மூன்று நாள், சாயங்காலம், படம் போட்ட அட்டைகளோடு வந்தாள். முதல் அட்டை பூனை. “இது என்ன சார்?” என்று கொஞ்சலாகக் கேட்டாள். எத்தனையோ கொலைகாரர்களை விசாரித்த மனுஷரைப் போய்ப் பூனையை விசாரிக்கச் சொன்னால் பற்றிக்கொண்டு வராதா? அட்டைகள் ஜன்னல் வழியாகப் பறந்தன.

அன்றைக்கு அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். கெஞ்சிக் கேட்டு வராத பேச்சு, சில பேருக்குக் கோபத்தில் தன்னால் வந்துவிடுமாம்.

இன்ஸ்பெக்டரின் மனைவியும் முயற்சி பண்ணாமல் இல்லை. காபியில் உப்பைப் போட்டுப் பார்த்தார். பேப்பரை ஒளித்து வைத்துப் பார்த்தார். கணவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத தம் அண்ணனைக் கூப்பிட்டு ஒரு வாரம் தங்கவும் வைத்தார். இன்ஸ்பெக்டர் முறைத்ததோடு சரி.

அவரை உட்கார்ந்த இடத்தில் துடிக்க வைத்தது இந்தத் தொடர் ஒன்றுதான். அதனால் பயிற்சி நேரத்திலேயே டி.வி.யைப் போட்டுவிடுவது என்று ஆயிற்று. பயிற்சிப் பெண்ணும் கூட உட்கார்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அந்தக் கதாநாயகி செய்கிற கூத்து கொஞ்சமா நஞ்சமா? சாட்சியின் முகவரியைக் குற்றவாளியிடமே கொடுத்து வழி கேட்டாள். ரவுடிகள் பதுங்கிய கிடங்குக்குத் தனியாகப் போனாள், அதுவும் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு.

“முன்னெல்லாம் இந்தத் தொடர் எவ்வளவு நல்லா இருந்துச்சும்மா. போலீஸ்காரங்களே மெச்சுவாங்க. எழுதறவங்களுக்குத் திடீர்னு என்னதான் வந்துச்சோ” என்று பயிற்சிப் பெண் அலுத்துக்கொண்டாள்.

“அவங்க வீட்டுல என்ன கஷ்டமோ, யார் கண்டா” என்றார் மனைவி, கணவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். பகலெல்லாம் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பவர், இந்த அரை மணி நேரம் மட்டும் அசையவே மாட்டார்.

திரையில் கதாநாயகி ஒரு சுவர் முன்னால் நின்றாள். பக்கத்தில், இரட்டைக் கொலை செய்தவன் என்று அவளே சந்தேகப்பட்டுப் பிடித்து வந்த ஆள். சுவர் ஏற வேண்டும். கையில் துப்பாக்கி இடைஞ்சலாக இருந்தது.

“இதைக் கொஞ்சம் பிடிங்க” என்று அவனிடமே நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தேவிட்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பயிற்சிப் பெண் பதறிப்போய் டி.வி.யை அணைக்கக் கையை நீட்டினாள். மனைவி அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“து… துப்…” உதடு கோணியது. மறுபடியும் முட்டியது. “துப்பாக்கிய… எவளாவது… அவன்கிட்டயே… குடுப்பாளா?”

அவருக்கே தம் குரல் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சிப் பெண் எத்தனை வார்த்தை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே அழுதாள். மனைவி சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே வந்தது. எட்டு மாதம் எந்தக் குரலுக்காகக் காத்துக் கிடந்தாரோ அது பழைய அதட்டலோடு வந்துவிட்டது. வாய் திறந்துகொண்ட பிறகு இன்ஸ்பெக்டர் சும்மா இருப்பாரா? டி.வி.யை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

“ஏன்டி… இப்படி… எழுதித் தொலைச்சே?”

“திருத்திச் சொல்ற ஆளு வாயே திறக்கலையே. நீங்க பேசற வரைக்கும் அவளுக்குப் புத்தி வரக்கூடாதுன்னுதான் எழுதினேன்” என்றார் அந்தத் தொடரின் கதாசிரியை.