மெத்தை இல்லாத பை

"ஷாஹீதாக்கா, கொளந்தைய நெஞ்சோட கட்டிக்கிற பை காட்டுங்க" என்றான் என் கடைக்கு வந்த திருப்புலிவனத்து ஆல்பர்ட், தோளில் கைக்குழந்தையோடு.

மெத்தை வைத்த பையை எடுத்து அவன் மனைவி சுகிர்தாவிடம் நீட்டி, "இது மெத்துனு இருக்கும்மா" என்றேன். அவள் பதிலே பேசவில்லை. பையை மாட்டி, அதற்குள் தன் செல்போனை வைத்தாள். ஆல்பர்ட் தன் போனிலிருந்து அழைத்தான்; பைக்குள் அது மணியடிக்காமல் உர்ரென்றது. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

அடுத்த பையிலும் அதே கூத்து. எரிச்சலோடு மெல்லிய துணிப் பை ஒன்றைத் தூக்கிப் போட்டேன். போனை வைத்து இறுக்கிக் கட்டியவள், ஆல்பர்ட் அழைத்ததும் முதல்முறையாகத் தலையாட்டினாள்.

"கொளந்தைய வச்சிப் பாக்காம இன்னாப்பா போன வச்சி வெளையாடிக்கினு கீறீங்க?"

"நேத்து தூளியில கத்திக் கத்தி மூஞ்சே நீலமாயிடுச்சிக்கா. இவ பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தா. இவளுக்குக் காது கேக்காது. புள்ள அளுதா, அந்த அதிர்வு இவ நெஞ்சுல தெரியணும்."