ஒப்பிட ஓர் ஆள்

எதிர்வீட்டு விஞ்ஞானி உருவாக்கும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றினால், தோல் புற்றுநோய் உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் ஸ்கேனில் மின்னுமாம். பெரிய மனிதர்தான். ஆனால் ஒரு வாரமாகச் சொந்த வீட்டிலேயே, மாமனார் வீட்டு மாப்பிள்ளை போல, சட்டையைக் கழற்றாமல் திரிவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

இன்று அவர் மனைவியும் சீண்டினாள். "என்னங்க, மருந்து ஊத்திக்கிச்சா?"

"இல்ல. ஜெயிச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?"

"ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருத்தருக்கும் ஊசி போட்டோம். அவருக்கும் மின்னுச்சு."

"அப்போ தப்பாக் காட்டுதா?"

"அப்படித்தான் நெனச்சோம். அக்குள்ல சதை எடுத்துச் சோதிச்சாச்சு. புத்துநோய்தான். கல்லீரல் வரைக்கும் போயிடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"அடப்பாவமே! அந்தாளு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டாங்களா?"

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

"இப்பத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."