சுவரொட்டி

மரகதத்துக்கு ரத்தம் குறைந்துகொண்டே போனது. ஊரில் கறிக்கடைகள் எல்லாம் மூடிவிட்டதால், ரத்தம் ஊற வாராவாரம் ஆட்டு மண்ணீரல் வேண்டுமென்று அவள் கணவன் தணிகை செயலியில் ஒரு வருடச் சந்தா கட்டினான். கறிக்கடையில் அதற்குச் சொல்லிப் பழகிய பெயராலே ‘சுவரொட்டி’ என்று பதிந்தான்.

ஞாயிறன்று ஐஸ் பெட்டிக்குள் சுருட்டிய தாள் வந்தது. விரித்தால், ஆளுயர ஆட்டின் படம்.

“நீங்க கேட்டது சுவரொட்டிதானே சார்?” என்றது தொலைபேசிக் குரல்.

“திங்கிற சுவரொட்டிம்மா.”

“கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணு காட்டலையே சார்.”

வாரங்கள் போயின. வந்த ஆடுகளையெல்லாம் அவள் கட்டிலுக்கு எதிரே ஒட்டினான். அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள்.

இன்று அவன் பசை தடவும்போது, “எனக்குக் கண்ணீர் அஞ்சலி அடிச்சா ஒட்டணும்ல? கொஞ்சம் இடம் விடுங்க” என்றாள்.

தணிகை, விரல் நுழையவும் இடைவெளி இல்லாமல் ஆட்டை அழுத்தி ஒட்டினான்.