முதலாளி லைன்ல இருக்கார்

"செல்போனைக் கண்டுபிடிச்சவனே வண்டி ஓட்டிக்கிட்டுதான் கண்டுபிடிச்சிருப்பான், அத்தை. உக்காந்த எடத்துல இருக்கவனுக்கு அது எதுக்கு? அவனுக்குத்தான் ஒயர் போன் இருக்கே!"

தீப்பெட்டி ஆபீஸ் வேன் டிரைவர் இசக்கிராஜா இதைச் சிரிக்காமல் சொன்னான். வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. இடது கை, பேச்சுக்குத் துணையாகக் காற்றில் இருந்தது.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ராமலட்சுமிக்கு ரோட்டைவிட அந்த இடது கையின் மேல்தான் கண். ஆபீஸில் இருபது வருஷமாகக் குச்சி அடுக்குகிறவள். அந்த மரியாதையில் கிடைத்த முன் சீட்டு. போதாததற்கு, இசக்கிராஜாவுக்குப் பரிசம் போட்டிருந்த பெண்ணுக்குச் சித்தி.

"அப்போ போன வாரம் போலீஸ்காரர் உங்கள மறிச்சு அபராதம் எழுதுனாரே, அது எதுக்காம் மாப்ள?"

"அது பொறாமை அத்தை. அவியளுக்கு ஒரு கையில வாக்கிடாக்கியப் பிடிச்சா மறு கையில சைக்கிள்கூட ஓட்ட வராது. தனக்கு வராததையெல்லாம் சட்டம் போட்டுத் தடுத்துருதாவ."

கோவில்பட்டியில் செல்போன் கடைகள் டீக்கடைகளை எண்ணிக்கையில் விரட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. இசக்கிராஜா போன் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கியர் மாற்றும்போது போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ளும் வித்தை கைவந்திருந்தது. கழுத்துதான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

வேனுக்குள் பதினெட்டுப் பெண்கள். பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் பேச்சில். வேன் பழசு. எஞ்சின் போடுகிற இரைச்சலில், பின்னால் யார் என்ன பேசினாலும் பக்கத்துச் சீட்டைத் தாண்டாது. வெளியே ராத்திரி மழையில் ஊறிய கரிசல், விடிந்தும் விடியாத மாதிரி கறுத்துக் கிடந்தது.

"தைக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு கையக் கால ஒடிச்சிராதீங்க. ஆமா, பொண்ணுகிட்ட எதும் பேசிக்கீசி வைக்கலையே?"

"நானா? தாலி ஏறுத வரைக்கும் ஒரு வார்த்தை பேசப்பிடாது, பேசுனா கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப்போவும்னு பொண்ணுக்கு அப்பா நல்லக்கண்ணு மாமா கறாராச் சொல்லிட்டாவள்லா. எதுக்க வந்தாக்கூட நான் தலையக் குனிஞ்சிக்கிடுதேன் அத்தை."

"அதான் எங்க வீட்டு வழக்கம். மீறுனீங்கன்னா நானே போயி அத்தான்கிட்டச் சொல்லிருவேன். அதுல தாட்சண்யமே கெடையாது."

இசக்கிராஜா மனசுக்குள் கணக்குப் போட்டான். தைக்கும் வைகாசிக்கும் நடுவில் நான்கு மாதம். ஏற்கெனவே அவனுக்கு முப்பத்தொன்று.

"நம்ம பெருமாள்சாமியும் வேன்தான ஓட்டுதான்?" ராமலட்சுமி விடவில்லை. "போன் வந்தா நிறுத்திட்டுத்தான பேசுதான்?"

"அவன் ஒரு டிரைவரா? போன் வந்தா இண்டிகேட்டர் போடுதான், ஓரங்கட்டுதான், எஞ்சின அமத்துதான், அதுக்குப் பெறகுதான் 'அலோ'ங்கான். அதுக்குள்ள கூப்பிட்டவன் பஸ் ஏறி நேர்லயே வந்துருவான்!"

இடைசெவல் விலக்கு தாண்டியதும் சட்டைப் பையில் போன் அலறியது. தினமும் இதே நேரம், இதே இடம்.

"முதலாளி," என்று ராமலட்சுமிக்கு அறிவித்துவிட்டு எடுத்தான். "சொல்லுங்க முதலாளி... ஆமா... இட்லிதான். நீங்க? பழையதா? ஏன், ஒடம்புக்கு என்னத்துக்கு ஆவும்?"

ராமலட்சுமிக்குப் புரியவில்லை. சுந்தரபாண்டியன் முதலாளி இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இவனைத் தினமும் கேட்கிறார். அதுவும் காலை ஆறரைக்கு, பழையது சாப்பிட்டுவிட்டு.

"வண்டி ஓட்டுதவனுக்கு ஏன் போன் போடுதீங்கன்னு இன்னைக்கு நானே அவியகிட்டக் கேட்டுருதேன்," என்றாள்.

"வேண்டாம் அத்தை!" போனைப் பொத்திக்கொண்டு பதறினான். "பெரிய மனுசன். மனசு சங்கடப்படும்."

அவன் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் ரோட்டில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது.

"ஏலே, ஆடு!"

மாப்பிள்ளை 'ஏலே' ஆனதில் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தான். பதினெட்டுப் பேரும் ஒரு சேர முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். கடைசி ஆடு, பம்பரை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. ஒன்றுக்கும் சேதமில்லை. எஞ்சினும் அணையவில்லை. போனும் காதை விட்டு இறங்கவில்லை.

"என்னது, இடிச்சிருச்சா? எங்கன, நெத்தியிலயா?"

"யாருக்குலே இடிச்சிச்சு?"

"முதலாளிக்கு. வீட்டு நிலைப்படியில."

சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினான். ஆனால் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்கக் கேட்க அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"பயமாவா? நான் இருக்கும்போது உங்களுக்கு என்ன பயம்... இல்ல முதலாளி... அய்யோ, வேற ஆளப் பாத்துக்கிடுவேன்லாம் சொல்லாதீங்க... சரி. சரிங்க. இப்பவே."

"வேலைய விட்டுத் தூக்கிருவேங்காரா?" ராமலட்சுமி திருப்தியாகக் கேட்டாள். "நல்ல மனுசன்!"

இசக்கிராஜா இண்டிகேட்டர் போட்டான். வேலிக்கருவைப் பக்கமாக வண்டியை ஓரங்கட்டினான். சாவியைத் திருப்பி எஞ்சினை அமர்த்தினான்.

"அலோ. நிறுத்திட்டேன், முதலாளி," என்றான் பணிவாக.

எஞ்சின் இரைச்சல் அடங்கிய வேனுக்குள், கடைசி சீட்டில் துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக் குனிந்திருந்த கல்யாணப் பெண் தீபலட்சுமியின் குரல் கணீரென்று கேட்டது: "இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. இனிமே தெனமும் இப்படி நிறுத்திட்டுத்தான் பேசணும், என்ன?"