பத்தடி பின்னால்

"மூணு நாளா ஓடப் போவல. டாக்டரு இன்னா நெனைப்பாரு?" என்றாள் பாப்பாத்தி.

அவள் கணவர் ராஜாங்கம் ஷூவை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"ஓடிக்கினு இருக்கும்போதே நெஞ்சு நின்னுட்டா?"

"அதுக்குத்தான அவரு பத்தடி பின்னாலயே ஓடியாராரு! எந்த டாக்டரு இப்பிடி செய்வாரு?"

உண்மைதான். படபடப்புக்கு மாத்திரையோடு ஓட்டத்தையும் எழுதிக் கொடுத்தவர், "வடக்கனந்தல் ஏரிக்கரைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்க, நானும் கூட ஓடறேன்" என்று தைரியம் சொல்லியிருந்தார்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. டாக்டரேதான்! பாப்பாத்தி காபி போட உள்ளே ஓடினாள்.

"ஏங்க வரல?" டாக்டர் ராஜாங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பயமா இருக்குங்க சார். கை எப்பிடி நடுங்குது பாருங்க!"

டாக்டர் பிடியை விட்டார். ராஜாங்கத்தின் கை அசையாமல் இருந்தது. நடுங்கியது டாக்டரின் கை.

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் இதே படபடப்புதாங்க. தனியா ஓட பயந்துதான் உங்களையும் வரச் சொன்னேன். நீங்க வராம நானும் மூணு நாளா ஓடல."

ராஜாங்கம் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"வாங்க சார். இன்னிக்கி நீங்க முன்னால ஓடுங்க."