பிரஷர் இல்லாத மனுசி

கையில் சுற்றியிருந்த பட்டியிலிருந்து காற்று சீறி இறங்கியது. டொக்டர் ஷிராஸ் நம்பாதவர்போல் மறுபடியும் ஊதினார். இம்முறையும் அதே அளவுதான்.

வந்தது ஸ்ரீஸ்கந்தராசாவைக் காட்ட. அவருடைய இரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்ததால், அம்மாவையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று டொக்டர்தான் சும்மா அவர் மனைவி சரோஜினிதேவியின் கையைப் பிடித்தார்.

கணவருடையதைவிட அவளுடையது எவ்வளவோ கூட.

இதில் அதிசயமில்லை என்றார் டொக்டர். இளம் வயதில் ஆண்களுக்குத்தான் அழுத்தம் கூடுதலாக இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஏறத் தொடங்கும். அறுபதைத் தாண்டினால் பலபேர் ஆண்களை முந்திவிடுவார்கள். இரத்தக் குழாய்கள் இறுகிப்போவதால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். எல்லாம் வயதின் வேலை.

"முப்பது வருசமா நான்தான் முன்னுக்கு ஓடினன். கடைசியில முந்திப்போட்டாய், என்ன?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

அவள் சிரித்து வைத்தாள்.

அந்த முப்பது வருடமும் அவர் வாயில் அவள் 'பிரஷர் இல்லாத மனுசி'. அவருக்கென்று உப்பில்லாத கறி தனிச்சட்டியில் வேகும். கெட்ட செய்தி எதுவானாலும் முதலில் அவளிடம்தான் வரும். சொந்தக்காரர் எல்லோருக்கும் அந்த ஏற்பாடு தெரியும்.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மாத்தளையில் அவருடைய தம்பியின் கடையைக் கொளுத்தியபோதும், பிறகு யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து அவருடைய அக்கா செத்தபோதும் அப்படித்தான். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, அவருக்குச் சோறு போட்டு, பிரஷர் குளிசை கொடுத்து, அது வேலை செய்யும்வரை பொறுத்திருந்துதான் வாயைத் திறப்பாள்.

வீட்டில் ஏதும் கவலையா என்று டொக்டர் கேட்டார்.

பதில் சொன்னது ஸ்ரீஸ்கந்தராசாதான். மகன் கிளிநொச்சியில் வங்கி வேலை. சண்டையில் பாதை பூட்டிய பிறகு அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். சண்டை முடிந்தும் தகவல் இல்லை. வவுனியா முகாம்களில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

டொக்டர் மருந்தை எழுதினார்.

பேராதனை வீதியில் வெற்றிக் கொடிகள் இன்னும் இறக்கப்படாமல் மழையில் நனைந்து தொங்கின. வீதியைக் கடக்கும்போது அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை அப்படிப் பிடித்ததில்லை.

"இனி எந்தத் தகவல் எண்டாலும் முதல்ல எனக்குத்தான் வரவேணும், சரோ. ஃபோன் அடிச்சால் நான் எடுக்கிறன். நீ தாங்கமாட்டாய்."

குரலில் ஒரு புது மிடுக்கு.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலடியில், மகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டுப் போவோம் என்றார். இன்னொரு நாளைக்கு என்றாள். அவர் கேட்கவில்லை.

தட்டை நீட்டி, பிள்ளை நல்லபடி வந்துசேர வேண்டும் என்று ஐயரிடம் சொன்னார். பிறகு பெயரும் நட்சத்திரமும்: விவேகானந்தன், உத்தரட்டாதி.

ஐயரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. ஐயர் சரோஜினிதேவியைப் பார்த்தார்.

போன வெள்ளிக்கிழமை அவள் தனியாக வந்து, இதே பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான் மோட்ச விளக்கு ஏற்றச் சொல்லியிருந்தாள்.

மகனைப் புதைத்த நண்பன் முகாமிலிருந்து அழைத்த நேரம், கணவர் சந்தைக்குப் போயிருந்தார். சாவுத் துடக்குக் கழியும்வரை அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. கால் வலி என்று சமாளித்தாள். ஒவ்வொரு நாளும் முகத்தைக் கழுவினாள், சோறு போட்டாள், குளிசை கொடுத்தாள். வாயைத் திறக்கத்தான் முடியவில்லை.

ஐயர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் ஐயா, அந்தப் பேருக்குத்தான். செய்யுங்கோ."

ஸ்ரீஸ்கந்தராசா கண்களை மூடிக் கைகூப்பினார்.

நீண்ட ஆயுள் வேண்டி ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார்.